எட்டெட்டு எட்டு

மே 8, வெள்ளி

கோயம்புத்தூர் அண்ணனிடமிருந்து இன்லேண்ட் லெட்டர். பெரியப்பா மகன். பொங்கலுக்கு வந்தபோதே திருட்டு முழி முழித்தார், காரணம் இப்போதுதான் தெரிகிறது. கீழக்குயில்குடியில் ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறாராம். ‘மதுரைக்காரன்னு பீத்திக்கிறியே, லீவு முடியறதுக்குள்ள எடு பார்க்கலாம்’ என்று எழுதி, கீழே நாலு வரி:

தாமரைக்கும் ஐயனாருக்கும் நடுவே நின்று மேலே ஏறு.
மகனால் பேர் பெற்ற அம்மாவைப் பார்.
அங்கே வரிசையில் இருப்பவரை எண்ணு.
இறங்கி வந்து அடிபம்பிலிருந்து எட்டெட்டு எட்டு, சூரியன் விழும் பக்கம். மஞ்சள் பூவடியில் கல்லைத் தள்ளு.

வெளிநாட்டு வேலையில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட கிறுக்கு இது. ஜியோகேச்சிங், ஒருவர் ஒளித்த டப்பாவை மற்றவர்கள் தேடிப் பிடிக்கும் விளையாட்டு. 2000 மே மாதம் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் காட்டில் ஒரு வாளியை வைத்து, இருக்கும் இடத்தை இணையத்தில் எழுதினார். அங்கே ஆரம்பித்த விளையாட்டு. அண்ணன் ஜிபிஎஸ் எண் தரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நடப்பேன் என்று தெரியும்.

மே 10, ஞாயிறு

அக்னி நட்சத்திரத்தில் மாலை நாலு மணிக்குச் சமணர் மலை ஏறியது என் தப்பு. பாறை தோசைக்கல்லாகக் கிடந்தது. மகள் முன்னால் ஓட, நான் கம்பியைப் பிடித்தால் சுடுகிறது, விட்டால் பயம்.

பேச்சிப்பள்ளம் வந்ததும் சூடு மறந்துபோனது. பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், தவத்தில் நின்று கொடி சுற்றிய பாகுபலி முனிவர். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து. அது தமிழ்தான் என்று சொன்னால் மகள் நம்பவில்லை. அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் ஆனைமலை, அழகர்மலை, உத்தமபாளையம் வரை கல்லில் கிடக்கிறது. இங்கே அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அம்மா கிடைத்துவிட்டார். மகள் விரல் நீட்டி எண்ணினாள்: எட்டு.

தொல்லியல் துறையின் நீலப் பலகை அங்கேயே இருக்கிறது. இங்கே கூழாங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. அதனால்தான் அண்ணன் மலையில் எண்ணை மட்டும் வைத்துவிட்டு டப்பாவைக் கீழே வைத்திருக்கிறார்.

அடிபம்பிலிருந்து மகள் எட்டு அடி வைத்து நின்றாள். சுற்றிலும் வெறும் மண். ‘எட்டெட்டுன்னா அறுபத்திநாலுப்பா, எட்டுன்னா காலடி!’ என்று அவளே கண்டுபிடித்தாள். விழுந்துகொண்டிருந்த சூரியனைப் பார்த்து 64 எட்டு நடந்தோம். எதிரே ஒரு கொன்றை, சரம் சரமாக மஞ்சள். ஆகா என்று குனிந்து அடியில் இருந்த கல்லையெல்லாம் குச்சியால் தள்ளினோம். ஒரு மரவட்டை.

ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர், ‘என்னய்யா தேடுறீக?’ என்றார். சாவி என்று சொல்லித் தொலைத்தேன். பாவம், அரை மணி நேரம் கம்பால் கிளறிக் கிளறிக் கூடவே தேடினார்.

மே 13, புதன்

அண்ணனுக்குப் போன் செய்தேன். ‘நான் வச்சது பொங்கலுக்குடா’ என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்: ‘தை மாசம் கொன்றை எங்கடா பூத்துச்சு? காப்புக் கட்டுற ஆவாரம்பூவா இருக்கும். தையில பொழுது விழுற இடமும் வேற.’

உண்மைதானே. உத்தராயணத்தில் சூரியன் வடக்கே நகர்ந்துகொண்டே வருகிறது. பொங்கலுக்கு மேற்கிலிருந்து தெற்கே தள்ளி விழுந்தது, இப்போது வடக்கே தள்ளி விழுகிறது. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 40 டிகிரி. 64 எட்டு நடப்பதற்குள் முப்பது மீட்டர் தள்ளிப் போயிருக்கிறோம்.

மே 17, ஞாயிறு

காலை ஆறு மணி. மகள் பழைய காலண்டர் அட்டையில் கோணம் வரைந்து கொண்டுவந்திருந்தாள். அண்ணன் ஆறடி ஆள், அதனால் எட்டுகளை நீட்டி நீட்டி வைத்தேன். முடிந்த இடத்தில் இடுப்பளவு ஆவாரஞ்செடி. பூ ஒன்றுகூட இல்லை, தட்டைத் தட்டையாகக் காய்ந்த காய்கள்தான். அடியில் மூன்று கல், நடுவில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். புதைக்கவில்லை, சும்மா செருகி வைத்திருந்தார்.

திறந்தால் எறும்பு! தின்பண்டம் வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டில் பாலபாடம், இவரோ கோவில்பட்டி கடலை மிட்டாய் வைத்திருக்கிறார். காகிதம் மட்டும் மிச்சம். ஒரு பம்பரம், பென்சில், கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் ஜனவரி 16 என்று தேதி போட்டு அண்ணன் கையெழுத்து.

ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். மகள் பம்பரத்தை எடுத்துக்கொண்டு தன் ஹேர் கிளிப்பை வைத்தாள். நோட்டில் பெயர் எழுதி, கீழே ‘கொன்றை இல்லை, ஆவாரை’ என்று பெரிதாக எழுதினாள். அடுத்து வருபவருக்கு விடையைச் சொல்லிவிட்டாளே என்று அழிக்கப் போனேன். அதைப் படிக்கிறவர் கையில் டப்பா ஏற்கெனவே இருக்குமே என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

திரும்பி வரும்போது ஆட்டுக்காரப் பெரியவர் எதிரே வந்தார். ‘சாவி கெடச்சிருச்சா?’

‘கெடச்சிருச்சு தாத்தா’ என்றாள் மகள், முகம் மாறாமல்.