ட்ரெக் செல்லைப் பிரித்து வளர்க்கும்போது எங்கே சறுக்குகிறது

எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு கொடையாளரின் டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்குவதுதான் ஜிவிஹெச்டி. ஒழுங்குபடுத்தும் டி செல்களான ட்ரெக்கைக் கொடுத்தால் அது அடங்கும் என்பது எலிகளில் 2002-லேயே தெரிந்துவிட்டது. கஷ்டமெல்லாம் கையில் இருப்பது ட்ரெக்தானா என்று உறுதி செய்வதில்தான்.

ரத்தத்தின் சிடி4 செல்களில் (டி செல்களில் ஒரு பெரிய வகை) ட்ரெக் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம். அதற்குரிய ஃபாக்ஸ்பி3 புரதம் உட்கருவுக்குள் இருக்கிறது. அதைச் சாயமேற்றிப் பார்த்தால் செல் பிழைக்காது. எனவே உயிரோடு பிரிக்க, சிடி25, சிடி127 போன்ற மேற்பரப்பு அடையாளப் புரதங்களே கதி. சிடி25 மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், தூண்டப்பட்ட எந்த டி செல்லிலும் அது ஏறும். சிடி25 மிகுந்தும் சிடி127 குறைந்தும் உள்ளவற்றையே எடுக்க வேண்டும். அவற்றிலும், இன்னும் தூண்டப்படாத செல்லின் அடையாளமான சிடி45ஆர்ஏ உள்ளவற்றை மட்டும் எடுத்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் வளர்ப்பில் தன்மை மாறாது.

தனியாக எடுத்துவைத்த மாதிரியில் ஃபாக்ஸ்பி3 பார்க்கும்போது முதலில் இறந்த செல்லுக்கான சாயம், அடுத்து மேற்பரப்புச் சாயங்கள், அதன் பிறகே செல்லை வேதிப்பொருளால் நிலைநிறுத்திச் சவ்வில் துளையிடுவது. உட்கருவைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்தை மட்டும் திறக்கும் துளையிடும் கிட் போதாது, உட்கருவைத் திறக்கும் கிட்டே வேண்டும். சாயம் மங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வளர்ப்புக்கு சிடி3, சிடி28 எதிர்ப்பொருள் பூசிய மணிகள், தாராளமாக ஐஎல்-2 (டி செல்லை வளரவைக்கும் புரதம்), சாதாரண டி செல்லை அடக்கும் ராபமைசின் மருந்து 100 நானோமோலார். ராபமைசினை விட்டுவிட்டால், தப்பி வந்த சாதாரண டி செல்கள் வேகமாகப் பெருகி வளர்ப்புத் தட்டையே பிடித்துக்கொள்ளும். அதைச் செலுத்தினால் தடுக்க வந்த நோயை நாமே ஊட்டியதாகும்.

வளர்ந்த பிறகு ஃபாக்ஸ்பி3 சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. தூண்டப்பட்ட சாதாரண மனித டி செல்லும் அதைச் சில நாள் காட்டும். ஃபாக்ஸ்பி3 மரபணுவின் டிஎஸ்டிஆர் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியில் மெத்தில் (மரபணுவை அடக்கும் வேதிக் குறி) நீங்கியிருக்கிறதா என்பதே நிஜமான சோதனை. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெண் கொடையாளரிடம் ஒரு பிரதி எப்போதும் மெத்தில் ஏறியே இருக்கும். வரும் எண்ணை இரண்டால் பெருக்காவிட்டால் நல்ல செல்லைக் கழிவில் கொட்டிவிடுவோம்.

செலுத்தும் நேரமும் முக்கியம். இத்தாலியின் பெருஜியா குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்க்காத புதிய ட்ரெக்கை உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 20 லட்சம் வீதம் மாற்றுக்கு 4 நாள் முன்பே கொடுத்தார்கள். சாதாரண டி செல்கள் பிறகே வந்தன. ட்ரெக் தனக்கான ஐஎல்-2-ஐத் தானே சுரக்காது. அதனால் மற்ற டி செல்கள் ஐஎல்-2 சுரப்பதையே நிறுத்தும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகிய எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்துகளோடு கொடுத்தால் செல் பட்டினி கிடக்கும், சிரோலிமஸோடு (ராபமைசினின் இன்னொரு பெயர்) ஒத்துப்போகும்.