ரூத் வோல்ஃப்-ரேஃபெல்ட்: தட்டச்சுப் பொறியில் பிறந்து தபாலில் போன கவிதை

பழைய கிழக்கு ஜெர்மனியைப் பற்றி நாம் படிப்பவற்றில் பெரும்பகுதி சுவரையும் உளவுத் துறையையும் தப்பியோடியவர்களையும் பற்றியதாகவே இருக்கிறது. அந்த நாட்டைவிட்டு வெளியேறாமல், வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, தான் போக முடியாத ஊர்களுக்குத் தன் தாள்களை அனுப்பிக்கொண்டிருந்த ரூத் வோல்ஃப்-ரேஃபெல்ட்டைப் பற்றி நம் மொழியில் அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. 2024 பிப்ரவரியில் பெர்லினில் காலமான இந்தக் கலைஞரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாகவே எனக்கு இருந்தது.

சாக்சனிப் பகுதியிலுள்ள வூர்ட்சன் என்ற சிற்றூரில் 1932இல் பிறந்தவர் அவர். ஓவியப் பள்ளி எதிலும் பயிலவில்லை. அலுவலகப் பணிக்கான பயிற்சி பெற்று, 1950இல் பெர்லினுக்கு வந்து, பின்னர் கிழக்கு பெர்லினின் கலைக் கழகத்தில் கண்காட்சிப் பிரிவில் வேலை பார்த்தார். 1955இல் ஓவியரும் அச்சுக்கலைஞருமான ராபர்ட் ரேஃபெல்ட்டை மணந்தார். அலுவலகத்தில் கடிதம் அடித்துப் பழகிய விரல்கள்தாம் 1970களின் தொடக்கத்தில் அதே பொறியை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கின. அவருடைய பொறி டிரெஸ்டனில் தயாரான ‘எரிகா’. அதில் செய்தவற்றை அவர் ‘டைப்ரைட்டிங்ஸ்’ என்றே அழைத்தார்.

தட்டச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். வரிக்கும் வரிக்கும் இடையிலான தூரத்தைப் பொறியே வகுத்து வைத்திருக்கிறது. இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் நின்றுகொண்டு அலைகளையும் சுழல்களையும் பெட்டிகளையும் அவர் உருவாக்கினார். ஒரே எழுத்தின் மேல் மீண்டும் அடித்தால் அந்த இடம் கறுக்கும். இடைவெளி விட்டு அடித்தால் வெளுக்கும். தாளைத் திருப்பிச் செருகினால் வரிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். கறுப்பும் சிவப்புமான ரிப்பன் இரண்டு வண்ணங்களைத் தந்தது. தூரிகை பிடித்தவர் ஒரு தீற்றலை மற்றொரு தீற்றலால் மூடிவிடலாம், ஆனால் தாளின் கடைசி வரியில் ஓர் எழுத்து பிசகினாலும் தட்டச்சு செய்பவர் அந்தத் தாள் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான். பார்ப்பதற்கு அத்தனை இலகுவாக மிதக்கும் அந்த வடிவங்களுக்குப் பின்னால் எவ்வளவு எண்ணிக்கையும் பொறுமையும் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணி நான் வியந்ததுண்டு.

தமிழில் சித்திரகவி மரபை அறிந்தவர்களுக்கு இதில் ஓர் உறவு புலப்படும். தேர் வடிவிலோ நாக வடிவிலோ செய்யுளை அடைக்கும் நம் புலவர்கள், படத்தை நீக்கினாலும் யாப்புக் குலையாமல் நிற்கும் பாடலையே இயற்றினார்கள். ரூத்தின் தாள்களிலோ, வடிவத்தை நீக்கினால் சொல் தனியே நிற்காது. வாசிப்பதும் பார்ப்பதும் அங்கே ஒரே செயலாகிவிடுகின்றன. அதனாலேயே அவரைக் கவிஞர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கூண்டு அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று. வரிவரியாக அடுக்கப்பட்ட குறிகள் கம்பிகளாகின்றன, கம்பிகள் பெட்டிகளாகின்றன. சுவருக்குள் வாழ்ந்த ஒருவர் கூண்டு வரைவதில் என்ன பொருள் இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஆயினும் தணிக்கையாளர் கண்ணுக்கு அது வெறும் வடிவியல் பயிற்சி. அயல்நாட்டு நண்பர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் பல தாள்களுக்கு ஆங்கிலத்திலேயே தலைப்பும் சொற்களும் அமைத்தார்.

அந்த அயல்நாட்டு நண்பர்களை அவருக்குத் தந்தது அஞ்சல் கலை. நியூயார்க்கில் ரே ஜான்சன் போன்ற கலைஞர்கள் வளர்த்தெடுத்த இந்த வழக்கத்தில் காட்சிக்கூடத்துக்கும் விற்பனைக்கும் இடமில்லை: நீங்கள் ஒன்றைச் செய்து இன்னொருவருக்குத் தபாலில் அனுப்புகிறீர்கள், அவர் தன்னுடையதை உங்களுக்கு அனுப்புகிறார், அவ்வளவுதான். மேற்கத்திய நகரங்களில் இருந்தவர்களுக்கு இது ஒரு விருப்பத் தேர்வாக இருந்திருக்கலாம். கிழக்கு ஜெர்மனியிலோ பயணத்துக்கு அனுமதி வேண்டும், அச்சிடுவதற்கும் அனுமதி வேண்டும். தபால்தலைக்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்நாட்டு உளவுத் துறையான ஸ்டாசியின் ‘எம்’ பிரிவு கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதையே தன் வேலையாகக் கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணும்போதுதான் அந்த அஞ்சலட்டைகளின் துணிவு விளங்குகிறது. அவை ஒளித்து அனுப்பப்படவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே போயின. ஒரே அடியில் பிரதிகள் எடுக்கக் கார்பன் தாள் உதவியது. பிந்தைய ஆண்டுகளில் சில வடிவங்களை அச்சிட்ட அட்டைகளாகவும் அனுப்பினார். ஐரோப்பா, அமெரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று பல திசைகளிலிருந்தும் பெர்லினின் பாங்கோ பகுதியிலிருந்த அவர்கள் வீட்டுக்குப் பதில்கள் வந்து குவிந்தன. அந்தக் குவியல் இன்று அந்நகரில் ஓர் ஆவணக் காப்பகமாகப் பேணப்படுகிறது.

1989இல் சுவர் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனிகள் இணைந்தபோது ரூத் கலைப் பணியையே நிறுத்திவிட்டார். தன் பங்கு இனித் தேவையில்லை என்ற பொருளில் பின்னாளில் அவர் பேசியிருக்கிறார். 1993இல் ராபர்ட் இறந்த பிறகும் அவர் பொறியின் முன் திரும்ப அமரவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலான மறதிக்குப் பின்னர்தான் பெர்லின் காட்சிக்கூடம் ஒன்று அவர் படைப்புகளை மீண்டும் வெளிக்கொண்டு வந்தது. 2017இல் டாக்குமெண்டா 14 என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவை இடம்பெற்றன. 2022இல் பெர்லினின் கலை விருதான ஹன்னா ஹோய்க் விருது அவருக்குக் கிடைத்தது.

இந்த நிறுத்தத்தை ஓர் இழப்பாகவே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போக முடியாத இடத்துக்குப் போவதற்காக உருவான ஒரு கலை, வழி திறந்ததும் தன் வேலை முடிந்தது என்று உணர்வது நேர்மையான முடிவு. பெயருக்காகத் தொடர்ந்திருந்தால் நல்ல வடிவமைப்புகள் மேலும் சில கிடைத்திருக்கும். அவை யாருக்கும் எழுதிய கடிதங்களாக இருந்திருக்கமாட்டா. வருத்தப்பட வேண்டியது வேறு. அவர் உழைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவரைப் பெரும்பாலும் ராபர்ட்டின் மனைவி என்ற அளவில் மட்டும் அறிந்திருந்தார்களே, அதுதான்.

இன்று அருங்காட்சியகங்கள் இவற்றைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து மாட்டும்போது தட்டச்சிட்ட முகம் மட்டுமே நமக்குத் தெரிகிறது. முகவரி, தபால்தலை, முத்திரை, வழியில் பட்ட கசங்கல் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. அஞ்சலில் போன அட்டைகளையேனும் இரு பக்கமும் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது என் விருப்பம், ஏனெனில் அந்தப் பின்பக்கத்தை எழுதியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.