எண் தொடரோடு மல்லுக்கட்டு: இந்த மாத நிலவரம்

எண் தொடர் புதிருக்கென்று தனி நோட்டு போட்டதிலிருந்து ஒரு பழக்கம் படிந்துவிட்டது. எது வந்தாலும் முதலில் அடுத்தடுத்த எண்களைக் கழித்து வித்தியாசம் எடுப்பேன்.

இந்த மாதம் அது நன்றாகவே கைகொடுத்தது. 1, 2, 4, 8, 16, 31. பதினாறு வரை இரட்டிப்பு, அப்புறம் 32 வராமல் 31. அச்சுப்பிழை என்றுதான் தோன்றும். வித்தியாசம் எடுத்தால் 1, 2, 4, 8, 15. அதற்கும் எடுத்தால் 1, 2, 4, 7. மறுபடி 1, 2, 3. கடைசியில் 1, 1. அடி வரிசையில் இன்னொரு 1 போட்டு மேலே கூட்டிக்கொண்டே வந்தால் 4, 11, 26, உச்சியில் 57.

வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் கோட்டால் இணைத்தால் அதிகபட்சம் எத்தனை துண்டு விழும் என்ற கணக்கு அது. ஆறு புள்ளி வைத்து வரைந்தும் பார்த்தேன். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டு 30 துண்டுதான் கிடைக்கிறது. கொஞ்சம் தள்ளி வைத்ததும் 31. கஷ்டமான புதிர்தான், ஆனால் நியாயமானது.

அடுத்தது அப்படியில்லை. சத்துவாச்சாரியில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் நண்பன் கொடுத்தது: 23, 73, ?

ஐம்பது கூட்டி 123 என்றேன். இல்லையாம். இரண்டுமே பகா எண்கள், மூன்றில் முடிபவை என்று காட்பாடி பஸ்ஸில் வழியெல்லாம் அதையே குடைந்தேன். ஒன்றும் தேறவில்லை.

"இன்னாடா, வேலூர்ல இருந்துகினு வண்டி நம்பர் தெரியாதா? 83!"

டிஎன் 23 வேலூர், 73 ராணிப்பேட்டை, 83 வாணியம்பாடி. அந்த 83உம் பகா எண்ணாகவே இருந்து தொலைத்ததுதான் வயிற்றெரிச்சல்.

எத்தனை எண் கொடுத்தாலும், அடுத்து எதை வைத்தாலும், அதற்குப் பொருந்துகிற ஒரு பல்லுறுப்புக்கோவையை எழுதிக் காட்டிவிடலாம். அதனால் விடை பொருந்துவது பெரிய விஷயமில்லை. கொடுத்த எண்களை வைத்தே விதியை ஊகிக்க வழியிருக்க வேண்டும். இரண்டே எண்ணில் என்னத்தை ஊகிப்பது? கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964இல் சேர்க்கத் தொடங்கி, 1996இல் இணையத்துக்கு வந்த எண் தொடர்க் களஞ்சியத்தில் தேடினாலும் வேலூர் வண்டி நம்பரா கிடைக்கப்போகிறது?

பதிலுக்கு நான் கொடுத்தது: 3, 4, 3, 3, 3, 2, 2. ஒன்று என்பதில் மூன்று எழுத்து, இரண்டு என்பதில் நான்கு, அப்படியே ஏழு வரை. அடுத்து 3, 4, 3 வரும். அவன் இன்னும் வித்தியாசம் எடுத்துக்கொண்டிருக்கிறான். இது மட்டும் நியாயமா என்றால், நான் ஏழு எண் கொடுத்திருக்கிறேனே!