எட்டுக்கு ஒன்றாக வற்றிய கஷாயம்

வட்டவளைப் பக்கத்து மலைகளில் மார்கழிக் குளிர் இறங்கியதும் எங்கள் லயத்தில் கோழி கூவுவதற்கு முன்பே இருமல் கேட்கத் தொடங்கிவிடும். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் ஈரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களும், புகைபோக்கி இல்லாத காம்பராவில் விறகடுப்புப் புகையைச் சுவாசித்தே வளரும் பிள்ளைகளும் அந்த இருமலுக்கு முதலில் தேடுவது கைமருந்தைத்தான். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அந்த மருந்தின் மீது எனக்கு இன்றும் குறையாத மதிப்பு இருக்கிறது.

என் அப்பாயி கஷாயம் காய்ச்சும் முறையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மண்சட்டியில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றி, ஒரு குச்சியை நேராக நிறுத்தி, தண்ணீர் நனைத்த இடத்தில் நகத்தால் கீறி வைப்பார். அதன் பிறகு மேலும் ஏழு கோப்பை ஊற்றி, மருந்தைப் போட்டு, சிறுதீயில் காய்ச்சுவார். இடையிடையே குச்சியை விட்டுப் பார்த்து, தண்ணீர் அந்தக் கீறலுக்கு இறங்கியதும் சட்டியை இறக்கிவிடுவார். நம் நாட்டு வைத்தியத்தில் இதை எட்டுக்கு ஒன்றாக வற்றவைப்பது என்பார்கள். மொத்த மருந்து பன்னிரண்டு கழஞ்சு, அதாவது ஏறத்தாழ 60 கிராம். 1920 மில்லிலீற்றர் தண்ணீர் 240 மில்லிலீற்றராக வற்ற வேண்டும். அதில் பாதியைக் காலையிலும் மீதியை மாலையிலும் குடிக்க வேண்டும். சிங்களவர்கள் ‘பஸ் பங்குவ’ என்று அழைக்கும் ஐந்து பங்கு மருந்தில் கொத்தமல்லி, சுக்கு, பற்படாகம், கண்டங்கத்திரி, வெனிவெல் எனப்படும் மரமஞ்சள் ஆகியவை சேரும். கசப்பைத் தாங்க முடியாத எங்களுக்கு அப்பாயி ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியை உள்ளங்கையில் வைப்பார். மரமஞ்சள் காட்டில் அருகி வரும் கொடி என்பதால், அது இல்லாமல் வெறும் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சினாலே சாதாரணத் தடிமனுக்குப் போதும் என்பது என் எண்ணம்.

ஆனால் சளி கட்டிய இருமலுக்கு அப்பாயி நம்பியது ஆடாதோடையைத்தான். ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்; ஆடு மேயும் லயத்துப் பின்புறத்தில் அந்தச் செடி மட்டும் கடிபடாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடியாகக் கொண்டே, இன்று மருந்தகங்களில் சளி இளக்கக் கொடுக்கப்படும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. ஆகவே அப்பாயியின் நம்பிக்கை வெறும் நம்பிக்கை அல்ல. இந்த இலையை வாங்கும்போது ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். சிங்களத்தில் ஆடாதோடையைப் ‘பாவட்டா’ என்றும் சொல்கிறார்கள்; தமிழில் பாவட்டை என்பது வேறு செடி. எனவே மருந்துக் கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், இலையைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தை நாள்கணக்கில் சுவைக்கக் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கொடுக்கக் கூடாது.

இவ்வளவும் தெரிந்த எங்கள் வீட்டிலேயே ஒரு பெரிய தவறு நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு இருமல் வந்தபோது, பக்கத்து நகரத்து மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தோம். முதல் பொட்டலம் முடிந்து இரண்டாவது வாங்கினோம், பிறகு நான்காவதும் வாங்கினோம். எத்தனை நாளாக இருமுகிறார் என்று கடைக்காரரும் கேட்கவில்லை, நாங்களும் எண்ணவில்லை. அப்பாவின் சட்டை தோளில் தளர்ந்து தொங்கியதைக்கூட வேலைக் களைப்பு என்றே நினைத்தோம். ஒரு நாள் காலை பீலிக்கரையில் முகம் கழுவும்போது அவர் துப்பிய சளியில் இரத்தம் இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் மாத்திரை எடுத்து அவர் குணமானார். அந்தச் சிகிச்சைக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. வீட்டில் இருந்த எல்லோரையும் பரிசோதித்தார்கள்.

இதற்காக நான் கஷாயத்தைக் குறை சொல்லமாட்டேன். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வைத்தியரிடம் அப்பாவை அழைத்துப் போயிருந்தால், அவர் முதலில் நாள்கணக்கைத்தான் கேட்டிருப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். காய்ச்சல், மூச்சுத் திணறல், இரத்தம், மெலிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது.

அப்பாயியின் குச்சி இப்போதும் எங்கள் அடுப்புத் திட்டில் இருக்கிறது. அதற்கு மேலே சுவரில் கலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறோம். வீட்டில் யாராவது இருமத் தொடங்கினால் அந்தத் தேதியை அப்பா சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, பதினான்கு நாள் தள்ளி இன்னொரு வட்டம் போடுகிறார். இந்த மாதம் என் மகளுக்காக அப்படி இரண்டு வட்டங்கள் விழுந்தன. கொத்தமல்லித் தண்ணீர் குடித்து ஆறாம் நாளே அவளுக்கு இருமல் அடங்கியதால், இரண்டாவது வட்டத்தை அப்பாவே அடித்துவிட்டார்.