பங்கு கேட்டவள்

ஜூலை 27, ஞாயிறு

டீச்சரக்கா வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு. சாப்பிட்டதும் வழக்கம்போலப் புத்தகம் மாற்றிக்கொண்டோம். நான் கொடுத்தது பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. அக்கா கொடுத்தது ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. "தாராபுரத்துல இருந்துக்கிட்டு இதைப் படிக்காம இருக்கறயே" என்று ஒரு குத்தலும் கூடவே. எழுதியவர் பக்கத்துக் கீரனூர்க்காரர். 1942-ல் நாவல் வந்தபோது அவருக்கு 25 வயதுதான்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அண்ணனும் வந்திருந்தார். கதைப் புத்தகம் என்றால் கொட்டாவி விடுகிற மனுஷன். சொத்துத் தகராறு வருகிறது என்று அக்கா சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜூலை 30, புதன்

முடித்துவிட்டேன். சின்னப் புத்தகம்தான், ஆனால் தூக்கம் போச்சு. புருஷன் போன நாகம்மாள், மகளை வைத்துக்கொண்டு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். கெட்டியப்பனோடு பழக்கம். அவனும் ஊர் அதிகாரியான மணியக்காரரும் தூண்டிவிட, பங்கைப் பிரித்துக் கொடு என்கிறாள். கடைசியில் கெட்டியப்பன் கையால் சின்னப்பன் சாகிறான்.

அவளுடைய பழக்கத்தைப் பற்றி ஆசிரியர் ஒரு இடத்திலும் உபதேசம் பண்ணவில்லை. 1942-ல் இது சாதாரணக் காரியமில்லை. பேச்சும் அசல் நம்ம ஊர்ப் பேச்சு. எங்க அப்புச்சி எழுந்து வந்து பேசுகிற மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அமராவதிக் கரையில் கூட்டம் நெரிந்தது. ஓரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்து, கச்சாயம் தின்றுகொண்டே சண்டை போட்டோம்.

அக்கா ஒரே பிடி. "சோறு போட்ட கொழுந்தனுக்கு இவ பண்ணுனது துரோகமில்லாம என்ன சாமி?"

அண்ணன் சட்டத்தை எடுத்தார். 1937-ல் விதவைக்குக் குடும்பச் சொத்தில் புருஷனுடைய பங்கைக் கொடுக்கும் சட்டம் வந்தது. ஆனால் விவசாய நிலம் மாகாணத்து விஷயம், அதற்கு இந்தச் சட்டம் செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947-ல். "அப்ப நாவல் வந்த வருசத்துல அந்தப் புள்ள கேஸ் போட்டிருந்தாலும் காடு கிடைச்சிருக்காதுங்க்கா. கட்டப்பஞ்சாயத்துதான் கதி. மணியக்காரர் அங்கதான் நுழையறாரு."

இது எனக்கு உறைத்தது. சின்னப்பன் நல்லவன், சந்தேகமில்லை. ஆனால் அண்ணன் பங்கு அண்ணிக்குத்தான் என்று அவனாக ஒருநாளும் நினைக்கவில்லையே! சோறு போடுவதாலேயே கணக்குத் தீர்ந்துவிட்டதாக நினைக்கிற நல்லவர்கள் நம்ம பக்கம் தோட்டத்துக்கு ஒருத்தர் இருக்கிறார்கள். அவன் செத்துப்போனதால் அவன் பக்கம் நியாயம் முழுசாகச் சேர்ந்துவிடுமா? அக்காவுக்குக் கோபம். "கொன்னவனை விட்டுட்டுச் செத்தவனைப் பேசறயா?"

கொன்றவனையும் பேசினேன். நாகம்மாள் கேட்டது பங்கு, உயிரை இல்லை. அவள் ஆசையைச் சாக்காக வைத்துக் கெட்டியப்பன் தன் பகையைத் தீர்த்துக்கொள்கிறான். மணியக்காரர் திண்ணையைவிட்டு இறங்காமலேயே காரியம் சாதிக்கிறார். இந்தக் கதையில் எனக்கு ஆகாத ஆள் அவர்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

அண்ணன் போன் பண்ணினார். அவர் ஆபீசில் இன்றைக்கும் விடுதலைப் பத்திரமாம், சொத்தில் தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அண்ணன் தம்பிகளுக்குப் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையை முந்தானையில் தேய்த்துக்கொண்டே, "நாளைக்கு நோம்பி நொடிக்கு வாசல் மிதிக்கோணுமில்ல" என்றாராம். 1989-ல் தமிழ்நாடு மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் போட்டது, அதற்கு முன்னால் கல்யாணமானவர்களை விட்டுவிட்டு. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வேலியையும் எடுத்தது. ஆனாலும் கல்யாணத்தில் இணைச்சீர்க்காரியாக, அதாவது மாப்பிள்ளைக்குச் சீர் செய்யும் உடன்பிறந்தவளாக, மணவறையில் நிற்கவைக்கிற அதே தங்கையிடம்தான் பிற்பாடு பத்திரத்தை நீட்டுகிறார்கள்.

எங்க அத்தையும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அக்கா 'கூளமாதாரி'யைப் பாதி தாண்டிவிட்டாராம். "ஆடு மேய்க்கற பையனை இப்படிப் பாடுபடுத்தறானுகளே" என்று புலம்பல். நாகம்மாளுக்கு இன்னும் இரக்கம் இல்லை. "எனக்கு ரெண்டு கொழுந்தனார் இருக்காங்க கண்ணு, நான் எப்படி அவ கட்சி பேச முடியும்?" என்றார். அதுவும் நியாயம்தான்.

'நாகம்மாளை' அண்ணன் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். மணியக்காரர் வருகிற பக்கங்களில் மட்டும் காகிதம் சொருகித் தரச் சொன்னார். முடியாது, முழுசாகப் படிங்க என்று சொல்லி அனுப்பினேன்.