பனிக்காலக் காலையில் ஏடிவி

இங்கே, கனடாவில் வடக்கு ஒன்ராறியோவின் சட்பரியில், இன்று காலை மைனஸ் 27 பாகை. வாசலில் குவிந்திருந்த பனியைத் தள்ளுவதற்கு ஏடிவியை (கரடுமுரடான தரையிலும் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி) இயக்கியே ஆக வேண்டியிருந்தது. சென்ற குளிர்காலத்தில் இதே நிலையில் சாவியைத் திருப்பியபோது "டக்" என்ற ஒலி மட்டுமே கேட்டது. காரணம் பேட்டரிதான். மைனஸ் 18 பாகையிலேயே ஈய அமில பேட்டரியின் தொடக்கத் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கெட்டிப்பட்ட எண்ணெயை விலக்கிச் சுழல வேண்டிய எஞ்சினோ அதே நேரத்தில் அதிக விசையைக் கேட்கிறது. அதைவிடக் கவலைக்குரியது, சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்து வெடிப்புவிடக்கூடும் என்பது.

ஆகவே இப்போது பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜரில் வைக்கிறேன்; கையேடு அனுமதிப்பதால் கடுங்குளிரிலும் இளகி ஓடும் 0டபிள்யூ-40 செயற்கை எஞ்சின் எண்ணெய்க்கும் மாறிவிட்டேன். தாங்கிக்குள் ஈரம் படிந்து உறையாமலிருக்க, பெட்ரோலை நிரப்பியே வைக்கிறேன்.

சாவியைத் திருப்பியதும் எரிபொருள் பம்பின் ரீங்காரம் ஓயும்வரை காத்திருந்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட்டரை அழுத்துகிறேன். சில விநாடிகளில் பிடிக்காவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் ஆறுவதற்கு நேரம் கொடுக்கிறேன். கராஜின் கதவை முன்னதாகவே முழுமையாகத் திறந்துவிடுகிறேன். புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை.

எஞ்சின் சூடேறிய பின்பும், விறைத்திருக்கும் சிவிடி பெல்ட் (எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் தானியங்கிக் கியர் பட்டை) நெகிழும்வரை முதல் சில நிமிடங்கள் மெதுவாகவே ஓட்டுகிறேன். வேலை முடிந்ததும் பிரேக்கிலும் சக்கரங்களிலும் ஒட்டிய பனியைத் தட்டி அகற்றி, டயர்கள் தரையோடு உறைந்துவிடாதபடி பலகையின் மேல் நிறுத்துகிறேன்.