மாரியில் வன்னி: மழை லில்லி தேடிப் போகிறவர்களுக்கு

வன்னியை ஊடறுத்துப் போகும் ஏ9 வீதியோரத்துக் கன்றுக்கடை ஒன்றில், நாலு மழை லில்லிக் கிழங்கு நட்ட சின்னச் சாடிக்கு மூன்று நேரச் சாப்பாட்டுக் காசு கேட்கிறார்கள். "வெளிநாட்டு லில்லி" என்று அட்டை வேறு குத்தி வைத்திருக்கிறார்கள். அதே கிழங்கு மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போனால் வேலியோரமெல்லாம் மண்டிக் கிடக்கிறது. கேட்டால் மண்வெட்டியால் ஒரு கொத்துப் பெயர்த்துச் சும்மா தருகிறார்கள். இன்னும் ஆறாத கோபத்தோடு எழுதுகிறேன். வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தது. ஆனால் முதலில் பூ.

எப்போது போவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிசம்பர் லீவுக்குப் போனால் வெள்ளமும் வெறும் இலையும்தான் மிச்சம். மழை லில்லிக்கு மழை மட்டும் போதாது, அதற்கு முன்னால் மண் நன்றாகக் காய வேண்டும். கோடை முழுக்கக் காய்ந்த மண்ணில் முதல் பெருமழை இறங்கி மூன்று நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் மொட்டுக் கிளம்பும். ஒரு பூவுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள். இரவில் கூம்பும், மப்பான நாளில் சரியாக விரியாது. அதனால் ஐப்பசி மழை தொடங்கிய செய்தி கேட்டவுடன் புறப்பட்டு, காலை எட்டு மணிக்கும் மதியத்துக்கும் இடையில் வெயில் எறிக்கும் நேரம் பாருங்கள்.

நிறத்தை வைத்து இனம் பிரிக்காதீர்கள். கடைக்காரர் "ரோஸ்" என்று விற்பதற்குள் இரண்டு வேறு இனங்கள் இருக்கின்றன. முதலில் இலையை விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். தடித்து, கிட்டத்தட்ட உருண்டையாக, கோரை ஈர்க்குப் போலக் கையில் உருண்டால் அது செபிராந்தஸ் கண்டிடா (செபிராந்தஸ் என்பது மழை லில்லிகளின் தாவரவியல் பெயர்). பூ வெள்ளை, மகரந்தப்பை நல்ல மஞ்சள். தென்னமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றுப் பக்கத்துச் செடி என்பதால் ஈரம் தாங்கும். வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் வெள்ளை லில்லி அனேகமாக இதுதான். இலை தட்டையாக, அரை சென்ரிமீற்றருக்கும் ஒடுங்கலாக இருந்து, பூ மூன்று சென்ரிமீற்றர் அளவில் ரோஸ் நிறமாக, அடித்தொண்டை வெளிறிய பச்சையாக இருந்தால் செபிராந்தஸ் ரோசியா. கியூபாப் பக்கத்து இனம். இலை ஒரு சென்ரிமீற்றர் வரை அகன்று, பூவும் ஆறேழு சென்ரிமீற்றர் நீளத்தில் பெரிதாக இருந்தால் அது மெக்சிக்கோ, குவாத்தமாலாப் பக்கத்து மினூட்டா. பழைய புத்தகங்களில் கிராண்டிஃபுளோரா என்று இருக்கும்.

இலை போதவில்லை என்றால் வாடிய பூவின் அடியைப் பாருங்கள். ரோசியாவில் மூன்று புடைப்புள்ள பச்சைக் காய் திரண்டு, மூன்று கிழமையளவில் வெடித்து, கறுத்த மெல்லிய தகட்டு விதைகளைக் கொட்டும். மினூட்டாவில் பெரும்பாலும் காயே கட்டாது, பூத்தண்டு அப்படியே சுருங்கி விழும். மஞ்சள் பூவான சிட்ரினா என்ற இனத்தில் சூல்முடியை, அதாவது பூவின் நடுத்தண்டு நுனியை, நகத்தால் பிரித்துப் பாருங்கள். ரோசியாவில் அது மூன்று கிளையாகப் பிரியும், சிட்ரினாவில் பிரியாமல் குண்டூசித் தலையாக நிற்கும். பூ வாடினாலும் இந்த அடையாளம் மாறாது. மஞ்சள் இனம் உள் ஊர்களில் கண்ணில் படவில்லை, சாடிகளில்தான்.

லண்டன், கனடாவிலிருந்து வருகிறவர்கள் அங்கே குளிர் முடியும் காலத்தில் பார்க்கும் ஸ்னோட்ராப் என்ற சின்ன வெள்ளைப் பூவும் மழை லில்லியின் அதே அமரில்லிடேசியே தாவரக் குடும்பம்தான். அங்கேயும் இலைதான் முதல் அடையாளம். ஸ்னோட்ராப் இனங்களில் நிவாலிஸில் இரண்டு இலைகளும் முகத்தோடு முகம் தட்டையாக ஒட்டி மண்ணைவிட்டு வரும். எல்வேசியில் அகன்ற சாம்பல் பூத்த இலை ஒன்று மற்றதைச் சுற்றிப் பிடித்திருக்கும். பிளிக்காட்டஸில் இலை விளிம்பு பின்பக்கமாக மடிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் உள் மூன்று இதழ்களின் பச்சைப் புள்ளி. அந்தக் கிழங்கை இங்கே கொண்டுவர ஆசைப்படாதீர்கள். மாதக்கணக்கில் குளிர் கிடைக்காவிட்டால் அது பூக்காது, வன்னி மண்ணின் வெக்கையில் அழுகிவிடும். அனுமதி இல்லாமல் தாவரப் பொருள் கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம்.

ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகும் வழியில் ஒரு வளவில் வீடு இல்லை. அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் மட்டும் நிற்கின்றன. படி இருந்த இடத்திலிருந்து படலை வரை இரண்டு பக்கமும் நேர்வரிசையில் ரோசியா பூத்திருந்தது. போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்த வரிசைக்கு யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். கோடையில் இலை கருகினாலும் கிழங்கு கழுத்து மூடிக் கிடக்கும், பக்கக் கிழங்கு விட்டு விட்டு வரிசை தடிக்கும். குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த வளவு அம்மா கூப்பிட்டார்: "உதில எடுக்காதேங்கோ பிள்ளை, அவை வந்தால் தேடுவினம். என்ர வளவுக்கை வேணுமெண்ட அளவு கிடக்கு, வாங்கோ." அவர் பெயர்த்துத் தந்த கொத்தில் மண்ணை உதறியபோது பெரிதும் சிறிதுமாக முப்பதுக்குக் குறையாத கிழங்கு. காசு கொடுத்தால் வாங்கவில்லை.

ஆட்களைக் கேட்காமல் பற்றைக்குள் மட்டும் இறங்காதீர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்ட கண்ணிவெடி இடங்கள் இன்னும் இருக்கின்றன. பலகை இல்லாத பாழ்வளவுக்குள்ளும் ஊரவர் சொன்ன பிறகே கால் வையுங்கள். வேலியில் ஏறிப் பூத்திருக்கும் கார்த்திகைப் பூவையும் வீதியில் நின்றே பாருங்கள். அதன் கிழங்கில் கொல்சிசின் இருக்கிறது, உயிரை எடுக்கும் நஞ்சு. முளை கிழங்கின் நுனியில் மட்டும்தான். இழுத்துப் பிடுங்கி நுனி முறிந்தால் வீட்டில் நட்டும் பிரயோசனமில்லை.

கொண்டுவரும் லில்லிக் கிழங்கைப் பொலித்தீன் பையில் கட்டாதீர்கள், பஸ் சூட்டில் வியர்த்து அழுகும். இலையை நாலு விரல் விட்டு வெட்டி, பேப்பரில் சுற்றுங்கள். சின்ன வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் லில்லிக் கிழங்கில் வெங்காய மணம் வராது. லைக்கோரின் என்ற நஞ்சு இருப்பதால் தின்றால் வாந்தி எடுக்கும், ஆட்டுக்கும் ஆகாது.

மண்ணுக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு. வெறும் செம்மண் காய்ந்தால் மேலே ஓடு கட்டிவிடும், வயல் களியில் தண்ணீர் தேங்கும். எட்டு அங்குலச் சாடிக்கு எட்டு முதல் பத்துக் கிழங்கு, கழுத்து மண் மட்டத்தில் தெரிய நடுங்கள். நெருக்கமாக நின்றால்தான் நன்றாகப் பூக்கும். அரை நாளாவது நேர் வெயில் வேண்டும். மாமரத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று புலம்பி என்ன பயன்? யூரியா போட்டாலும் இலைதான் ஓடும். மழைக்காலம் முடிந்த பிறகும் பூ வேண்டுமானால் மூன்று நாலு கிழமை தண்ணீரை அடியோடு நிறுத்தி, பிறகு ஒரே நாளில் சாடியின் அடித்துவாரத்தால் வழியும் வரை ஊற்றுங்கள். வவுனியாப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினநீர், சாடி விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை நுனியும் மஞ்சளாகும். கூரைப் பீலியில் வழியும் மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் செலவும் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புரட்டாதியில், மழைக்கு முன்னால், பிரித்து நட வேண்டும்.

இலையடியில் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டி போட்ட புழு தெரிந்தால் அன்றைக்கே கையால் பொறுக்குங்கள். விட்டால் இலை வழியே இறங்கிக் கிழங்கைக் குடைந்துவிடும். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, துளி சவர்க்காரம் கலந்து பின்னேரத்தில் தெளிக்கலாம்.

செலவு. மாங்குளம் வரை ரயிலில் போங்கள், அதுதான் மலிவு. அங்கிருந்து ஏறிய மினிபஸ்ஸில் கூரை ஒழுகியது, சீற் நனைந்திருந்தது, நின்றவர்களிடமும் அதே காசு. ஒட்டுசுட்டானில் பிடித்த ஓட்டோக்கார அண்ணை போகும்போது பேசிய காசை, மழை என்று சொல்லித் திரும்பும்போது இரட்டிப்பாக்கினார். இது அநியாயம். திரும்பி வருவதற்கும் சேர்த்து ஏறும் முன்பே பேசி முடியுங்கள். பயணத்தின் மொத்த எரிச்சலையும் தீர்த்தது ஒட்டுசுட்டான் சந்தியில் ஒரு தகரக் கொட்டில் கடை: சிவப்பரிசிச் சோறு, குளத்து விரால் குழம்பு, முருங்கையிலை வறை, கடைசியில் எருமைத் தயிர். இரண்டாம் முறை சோறு போட்டதற்குக் கூட மேலதிகமாகக் கேட்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு முன்னால் பெருந்தெருவுக்கு வந்துவிடுங்கள். இருட்டினால் உள்வீதிகளில் யானை இறங்கும், பஸ்ஸும் குறையும்.